காட்டைக் காத்த மாமா கடலுக்கு வந்த கதை

என் தாய்மாமா வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். லீவில் குச்சவெளிக்கு வந்தால் முற்றத்தில் யானைக் கதைதான். ஓய்வு பெற்ற பிறகு, புறாமலையைப் பார்க்க வருவோருக்கு வழிகாட்டியாகப் போனார். "காட்டிலே திரிஞ்ச மனிசனுக்குக் கடலிலே என்ன வேலை?" என்று அம்மா கேலி செய்வார்.

இப்போது என் மகள், "நானும் வழிகாட்டியாகப் போறேன்" என்கிறாள். சகோதரிகளே, 2004 மார்கழிக்குப் பிறகு எங்கள் ஊர்த் தாய்மாருக்குக் கடல் என்றாலே நெஞ்சு படபடக்கும். முதலில் நானே பார்த்து வருவோம் என்று மாமாவுடன் படகேறினேன்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். பெரியதும் சிறியதுமாய் இரண்டு தீவுகள். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுப் பழகும் இடமாகக்கூட இருந்ததாம்! 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. அதன் 471 ஹெக்டெயரில் பெரும்பகுதி கடல்தான்.

முழங்கால் தண்ணீரில் நின்றபோது, செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டி ஒன்று பக்கத்தால் போனது. நான் அலறிவிட்டேன். "அது மீன் தேடுது பிள்ளை, உன்னை இல்லை" என்று மாமா சிரித்தார்.

சற்றுத் தள்ளி ஒரு இளைஞர் முருகைக்கல்லின் மேல் ஏறி நின்றார். மாமா சத்தம் போடவில்லை. அவரைக் கூப்பிட்டு, அது கல்லல்ல, உயிருள்ளது என்றார். உருண்டை முருகை பல, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளருமாம். 1970களில் முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகி இவற்றைத் தின்று அழித்த கதையையும் சொன்னார். இளைஞர் வெட்கத்துடன் இறங்கினார்.

"முந்தி நான் பிடிச்சு எச்சரிப்பன். ஆள் பயத்திலே போவான், நான் இல்லாதபோது திரும்பி வருவான். இப்ப காட்டிக் கொடுக்கிறன்" என்றார் மாமா. ஆனாலும் மீன்பிடிக் குடும்பங்களுக்கு, தங்கள் கடலில் வேலி விழுந்த மனக்குறை உண்டு. அதை அவரும் மறுக்கவில்லை.

கேரளத்தின் தேக்கடியில் பெண்களே காட்டுக்குக் காவல் போகிறார்கள். 2002இல் தொடங்கிய அந்த அணிக்கு வசந்தசேனை என்று பெயர். இதைச் சொன்னதும் மாமா, "பிறகென்ன?" என்று என்னைப் பார்த்தார்.

வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. பாடம், பரீட்சை எல்லாம் மகள் பார்த்துக்கொள்வாள். மாமாவின் நிபந்தனை ஒன்றுதான்: நீச்சல் தெரிய வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் இந்த மாதங்களில் தானே பழக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு காலை முதல் வகுப்பு. நானும் போகிறேன், இடுப்பளவு தண்ணீர் வரைக்கும்.