மலை வீட்டின் பின்பக்கம் மரத்தளம் போடலாமா? பட்டா முதல் கறையான் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் ஒரு துண்டு நிலம். அதில் ஏலமும் சரியாக வராது, துணி காயப்போட நிற்கவும் இடமில்லை. "நாலு தூண் நட்டு பலகை அடிச்சா சாயங்காலம் உட்கார ஒரு இடமாச்சே" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைப் பக்கம் ஹோம்ஸ்டேக்கள் பெருகிய பிறகு இந்த ஆசை கொஞ்சம் கூடியிருக்கிறது. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தோட்ட வீடுகளிலும் இப்போது 'டெக்' பேச்சு அடிபடுகிறது.

யானைக் காவலுக்குப் பரண் கட்டத் தெரிந்த ஊர்களுக்கு இது புதிய வித்தை இல்லை. ஆனால் யூடியூபில் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் சமதளமான புல்வெளியில் எடுக்கப்பட்டவை. அங்கே முதல் வேலை அளவெடுப்பது. இங்கே முதல் வேலை வில்லேஜ் ஆபீசுக்குப் போவது.

உங்கள் பட்டா என்ன சொல்கிறது?

இடுக்கியில் பெரும்பகுதி நிலம், 1960-ஆம் ஆண்டு கேரள அரசு நில ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ், 1964 விதிகளின்படி கொடுக்கப்பட்டது. அந்தப் பட்டா முக்கியமாக விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான். உங்கள் குடும்பம் உட்கார ஒரு தளம் போடுவது வீட்டோடு சேர்ந்த விஷயம். அதே தளத்தில் நாலு மேசை போட்டு, வருகிறவர்களுக்கு டீயும் பஜ்ஜியும் விற்றால் அது வணிகம். பட்டா நிபந்தனை மீறல் என்று நோட்டீஸ் வர அது போதும்.

"அதான் சட்டத்தைத் திருத்திட்டாங்களே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2023 செப்டம்பரில் சட்டப்பேரவையில் திருத்த மசோதா நிறைவேறி, 2024 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஆனால் அது ஏற்கெனவே நடந்த மீறல்களை முறைப்படுத்த அரசுக்குக் கொடுத்த அதிகாரம். நாளைக்குப் புதிதாகக் கட்டப்போகிறவருக்கான லைசென்ஸ் அல்ல.

மூணாறைச் சுற்றியுள்ள பல கிராமங்களில் கட்டுமானத்துக்குப் பஞ்சாயத்து அனுமதியோடு வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். இருக்கும் வீட்டோடு ஒட்டிய மரத்தளத்துக்கும் அது தேவையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. தரையோடு தரையாகப் பலகை விரிப்பது ஒன்று, பத்தடி உயரத்தில் தூண் மேல் தளம் எழுப்புவது வேறு. மேலே ஷீட் போட்டுவிட்டால் அதைக் கட்டடம் இல்லை என்று வாதாடுவது இன்னும் கஷ்டம். பஞ்சாயத்து ஓவர்சியரிடம் ஒரு கைப்பட வரைந்த படத்தையாவது காட்டிக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கே-ஸ்மார்ட் வந்துவிட்டதால் விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். பின்புறம் சாலையைத் தொடும் வீடாக இருந்தால் கவனம்: கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 220-வது பிரிவு, நெடுஞ்சாலைகள், மாவட்டச் சாலைகள், அறிவிக்கப்பட்ட பிற சாலைகள் ஆகியவற்றின் எல்லையில் இருந்து 3 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடுக்கிறது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. லயமும் அதன் பின்பக்கமும் கம்பெனியுடையது. தலைமுறைகளாக அங்கேயே இருந்தாலும் ஒரு தூண் நட உரிமை கிடையாது.

சித்தூர் பக்கம் என்றால்?

அங்கே கேள்வி நெல்வயல். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் சர்வே எண் 'டேட்டா பேங்க்' பட்டியலில் இருந்தால், வீட்டை ஒட்டிய வயலில் மண் நிரப்பி மேடாக்குவதே குற்றம். பட்டியல் கிருஷி பவனில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

அடுத்தது மண். கேரளத்தில் கரிசல் மண் இருக்கும் பகுதி சித்தூர் தாலுகாதான். மழையில் உப்பி, வெயிலில் பிளக்கும் மண் அது. மேலாக ஒரு அடி தோண்டி நட்ட தூண், இரண்டே கோடையில் கோணிக்கொள்ளும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போக வேண்டும். கோடையில் உங்கள் நிலத்து வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும்.

சரிவை எப்படிப் பார்ப்பது?

மலைப்பக்கம் பலர் செய்வது இதுதான்: ஜேசிபியை வைத்து மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, ஒரு கல்கட்டு கட்டி முற்றத்தை அகலப்படுத்துவது. பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் வெட்டிய பக்கம் மலை தன் பிடிமானத்தை இழக்கிறது. கொட்டிய பக்கம் இறுகாத மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. கல்கட்டில் நீர் வெளியேறத் துளை இல்லை என்றால், சுவரின் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும்.

தூண் மேல் நிற்கும் மரத்தளத்தின் பெரிய நன்மை இங்கேதான். மலையை வெட்டவேண்டாம், மண் நிரப்பவேண்டாம். மழைத்தண்ணீர் அடியில் தன் வழியே போகும். ஆனால் ஒன்று: தளம் நிலச்சரிவைத் தடுக்காது. வெட்டி நிரப்புவதைவிடத் தீங்கு குறைவு, அவ்வளவே.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை இறங்கி நான்கு லயங்களை மூடியது. 70 பேர் பலியானார்கள். 2022 ஆகஸ்ட் 29 அதிகாலை தொடுபுழா அருகே குடையத்தூரில் ஒரே குடும்பத்தின் 5 பேரை நிலச்சரிவு கொண்டுபோனது. ஆகவே அளவெடுக்கும் முன் மேலே பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சரிவை அளக்க என்ஜினீயர் வேண்டியதில்லை. 10 அடி நூல், ஒரு டியூப் லெவல் போதும். நூலைக் கிடைமட்டமாகப் பிடித்து, கீழ்முனையில் இருந்து தரை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மூன்றரை அடியைத் தாண்டினால் சரிவு சுமார் 20 டிகிரி. அதற்கு மேல் போனால் ஆசாரியோடு நிற்காமல் ஒரு சிவில் என்ஜினீயரை நேரில் வரவழையுங்கள். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்டுள்ள நிலச்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

தரையில் புதிய விரிசல், சாய்ந்துவரும் மரம் அல்லது மின்கம்பம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, காரணமின்றி இறுகும் கதவு. இதில் எது இருந்தாலும் தளம் போடும் யோசனையை ஒத்திவைத்து, பஞ்சாயத்துக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் சொல்லுங்கள். தமிழ் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடை மேல் ஒருபோதும் தூண் நடாதீர்கள். கோடையில் அது வெறும் பள்ளமாகத் தெரியும்.

எத்தனை பேரைத் தாங்கும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 12-க்கு 10 அடி தளம் என்று வைத்துக்கொள்வோம். 120 சதுர அடி. வீட்டு பால்கனிகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ, அதாவது சதுர அடிக்கு 28 கிலோ. உங்கள் தளத்துக்கு 3 டன்னுக்கு மேல் வருகிறது. "எங்க வீட்ல நாலு பேருதான்" என்பது கணக்கல்ல. பிள்ளையின் காதுகுத்துக்கு முப்பது பேர் ஏறி, போட்டோவுக்காக எல்லோரும் ஒரே ஓரத்துக்கு வருவார்கள் பாருங்கள், அதுதான் கணக்கு.

2003 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் சிகாகோவில், ஒரு விருந்தின்போது வீட்டுப் பின்பக்க மரத்தளம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பால்கனி விழுந்து 6 இளைஞர்கள் இறந்தார்கள். அங்கே உள்ளே புகுந்த தண்ணீரில் உத்திரங்கள் உளுத்துப் போயிருந்தன, வெளியே தெரியவில்லை. பணக்கார ஊரிலேயே இந்த நிலை என்றால், வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் நிற்கும் மூணாறில் யோசித்துப் பாருங்கள்.

தளத்தை வீட்டுச் சுவரில் போல்ட் அடித்துத் தொங்கவிடாதீர்கள். பழைய செங்கல்லோ வெட்டுக்கல்லோ அந்த இழுப்பைத் தாங்கும் என்று நம்பமுடியாது. நான்கு பக்கமும் சொந்தக் காலில் நிற்கும் தளமே நல்லது. தூணை நேராக மண்ணில் புதைக்காமல், கான்கிரீட் அடித்தளத்தின் மேல் இரும்புத் தட்டு வைத்து, தரையில் இருந்து சில அங்குலம் உயர்த்தி நிறுத்துங்கள். தூண்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் கட்டாயம். கைப்பிடி குறைந்தது ஒரு மீட்டர் உயரம் வேண்டும், கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையக்கூடாது.

எந்த மரம்?

தேக்கு, அயினி, வேங்கை நல்லவை. ஆனால் வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும். மலையாள ஆசாரி 'காதல்' என்று சொல்வது அந்த வைரத்தைத்தான், தப்பாக நினைக்க வேண்டாம். இளந்தேக்கில் வெள்ளைப் பகுதி அதிகம், கறையானுக்கு அது விருந்து. எஸ்டேட்டில் மலிவாகக் கிடைக்கும் சில்வர் ஓக் வெளியில் மழையில் நிற்காது. வட்டவடை, காந்தல்லூர் பக்கம் மிஞ்சிக் கிடக்கும் கிராண்டிஸ் காய்கிறபோது முறுக்கிப் பிளக்கும். ரப்பர் மரத்தை மருந்தேற்றி விற்பார்கள், ஆனால் அந்தப் போரான் மருந்து மழையில் கரைந்து போய்விடும். அது வீட்டுக்குள் போட மட்டும்.

"என் நிலத்துல நிக்கிற தேக்கு, நான் வெட்டுவேன்" என்று இறங்கிவிடாதீர்கள். பட்டா நிலத்தில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகியவை அரசுக்கு ஒதுக்கப்பட்டவையாக இருக்கலாம். 2020 அக்டோபரில் வந்த ஓர் உத்தரவைக் காட்டி வயநாட்டின் முட்டிலில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டதும், 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவே ரத்தானதும், வழக்குகள் தொடர்வதும் தெரிந்ததே. பில்லோடு வாங்குங்கள். பொள்ளாச்சியில் இருந்து தேக்கு கொண்டுவருவதாக இருந்தால் போக்குவரத்து அனுமதி பற்றி மரக்கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், மலையில் கால்வனைஸ்டு இரும்புச் சட்டமும் மேலே மரப்பலகையும்தான் புத்திசாலித்தனம். பலகை போனால் மாற்றலாம், சட்டம் நிற்கும். பாலக்காட்டு வெயிலில் பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகை போட்டால் மதியம் வெறுங்காலோடு மிதிக்கமுடியாது. 2024 ஏப்ரலில் வெப்ப அலை எச்சரிக்கை வந்த ஊர் அது. பலகைகளுக்கு இடையே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சாதாரண ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்கள்.

அடியில் என்ன வைக்கலாம்?

விறகு வைத்தால் பாம்பு வரும். பலாப்பழம், அரிசி, உப்பு வைத்தால் யானை வரும். சின்னக்கானலில் ரேஷன் கடை அரிசிக்காகவே பேர்வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து இடம் மாற்றினார்கள். மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன.

எப்போது தொடங்குவது?

ஜனவரியில் குழி தோண்டினால் இடவப்பாதிக்கு முன் முடித்துவிடலாம். மழை எச்சரிக்கை நாட்களில் மண் வேலைக்கு மாவட்ட நிர்வாகம் தடை போடுவது வழக்கம், பாதியில் நின்ற குழி தண்ணீரைத் தேக்கும். முதல் மழைக்காலம் முடிந்ததும் அடியில் குனிந்து போய், ஒவ்வொரு தூணின் காலையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் அந்தத் தூணை மாற்றும்வரை மேலே யாரையும் ஏற்றாதீர்கள். துலாவர்ஷம் முடிந்த பிறகு மீண்டும் ஒருமுறை பாருங்கள்.