கடல் கடந்த விளையாட்டும் காவற் பூட்டும்

ஒரு பொருளை உரிய விலை கொடுத்து வாங்கினோன் அதனைத் தன் விருப்பின்படி துய்த்தற்கு உரியன் என்பது உலக வழக்கு. யப்பானில் அச்சான நூலை யாழ்ப்பாணத்திற் படிக்கலாம். இலண்டனில் வாங்கிய பேனாவாற் கொழும்பில் எழுதலாம். நூலும் பேனாவும் தம்மை எடுத்தவன் எந்நாட்டான் என வினவுவதில்லை. ஆயின், வீடியோ விளையாட்டு என்னும் பொருளோ நெடுங்காலம் அவ்வாறு வினவி வந்தது. யப்பானில் வாங்கிய விளையாட்டை அமெரிக்கப் பொறியும், அமெரிக்காவில் வாங்கியதை ஐரோப்பியப் பொறியும் ஏற்க மறுத்தன. இம்மறுப்பின் காரணங்கள் யாவை, அவற்றுள் இயல்பாய் அமைந்தது எது, வணிகர் வேண்டுமென்றே இட்டது எது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற் காரணம் மின்சாரமும் தொலைக்காட்சியுமாம். யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. வட அமெரிக்காவில் 120. நம் நாட்டில் 230. யப்பானியப் பழம்பொறியின் மின்மாற்றியை நம் வீட்டுச் சுவரில் நேரே செருகின் அது கருகிப்போம். தொலைக்காட்சி முறையும் இவ்வாறே வேறுபட்டது. யப்பானும் வட அமெரிக்காவும் கைக்கொண்ட என்.ரி.எஸ்.சி. முறை, 525 கோடுகள் கொண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை திரையைப் புதுக்குவது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழங்கிய பி.ஏ.எல். முறை, 625 கோடுகள் கொண்டு, 50 தடவை புதுக்குவது. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய நம் ரூபவாஹினி, யப்பானின் உதவியால் அமைந்ததாயினும், பி.ஏ.எல். முறையையே மேற்கொண்டது. ஆகவே, அந்நாளில் ரொறன்ரோவிலிருந்து மாமனார் ஒருவர் மருமகனுக்கு விளையாட்டுப் பொறியொன்றை அன்பளிப்பாய் அனுப்பியிருப்பின், மின்மாற்றியை மாற்றிய பின்னரும் படம் நிறமிழந்தோ உருண்டோடியோ தோன்றியிருத்தல் கூடும். அது பொறியின் குற்றமன்று. இரு முறைகளின் பொருந்தாமையே.

இவ்வேறுபாடு விளையாட்டின் உயிர்நிலையாகிய வேகத்தையும் தொட்டது. அக்கால விளையாட்டுகள் பல, திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுந்தோறும் ஓரடி முன்னேறுமாறு ஆக்கப்பட்டவை. 60க்கு என ஆக்கியதை 50இல் ஓட்டின், ஆறில் ஐந்து பங்கு வேகமே எஞ்சும். இசையும் இழுபட்டுத் தாழும். கோடுகள் மிகுதியாதலின் திரையின் மேலும் கீழும் கரிய பட்டைகள் தோன்றும். ஓட்டத்திற்கே பேர்போன சேகா நிறுவனத்தின் 'சொனிக்', 1991இல் ஐரோப்பாவில் இவ்வாறு தளர்நடையே நடந்தது. ஆர்வலர் யப்பானியப் பதிப்புகளை வருவித்து ஆடியமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

இனி, வணிகர் இட்ட பூட்டினை நோக்குவாம். நின்ரெண்டோ நிறுவனம் 1983இல் யப்பானில் வெளியிட்ட 'ஃபமிகொம்' பொறியின் காட்றிட்ஜ் 60 முனைகளை உடையது. அதனையே 1985இல் அமெரிக்காவிற்கு வேறு வடிவிற் கொணர்ந்தபோது, காட்றிட்ஜ் 72 முனைகளை உடையதாயிற்று. பொறியினுள் ஒரு சிப்பும் காட்றிட்ஜினுள் அதற்கு இணையான சிப்பும் வைக்கப்பட்டன. இரண்டும் தம்முள் ஒத்த குறி பேசினாலன்றி விளையாட்டுத் தொடங்காது. உரிமம் பெறாதோர் விளையாட்டுகளை ஆக்கி விற்றலைத் தடுத்தலே அதன் முதல் நோக்கம். ஆயினும், ஐரோப்பாவிற்கு வேறு குறியை அமைத்தமையால், அதுவே நாடுகளைப் பிரிக்கும் வேலியும் ஆயிற்று. அடுத்து வந்த 'சூப்பர்' பொறியில் யப்பானுக்கும் அமெரிக்காவிற்கும் குறி ஒன்றே. காட்றிட்ஜ் செருகும் வாயிலில் இருந்த இரு பிளாஸ்டிக் முளைகளே தடை. குறட்டினால் அவற்றை முறித்தோர்க்கு யப்பானிய விளையாட்டுகள் யாவும் திறந்தன!

சோனி நிறுவனம் 1994இல் வெளியிட்ட பிளேஸ்ரேசனில் இப்பூட்டு நுண்ணியதாயிற்று. இறுவட்டின் உட்புறத் தடத்தில், சாதாரண பிரதிக் கருவியாற் படியெடுக்கவியலாத நெளிவாக ஒரு குறி பதிக்கப்பட்டது. அக்குறி இறுவட்டு உண்மையானது என்பதையும், எப்பகுதிக்கு உரியது என்பதையும் ஒருங்கே உணர்த்திற்று. இங்கேதான் வழக்கின் வேர் உளது. கள்ளனைத் தடுக்கும் பூட்டும், நேர்மையாய் அயல்நாட்டில் விலைகொடுத்து வாங்கினோனைத் தடுக்கும் பூட்டும் ஒன்றாகிவிட்டன. அதனைக் கடக்கும் சிப்பைப் பொருத்திய ஒருவர்மீது சோனி தொடுத்த வழக்கில், அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005இல் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் அந்நாடு தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பகுதி பகுதியாய்ப் பிரித்தற்கென்றே அமைந்த பூட்டுகளுக்குச் சட்டக் காப்பு இல்லை என விலக்கு வகுத்தது.

வணிகர் பக்கத்தும் நியாயம் இல்லாமலில்லை. நாட்டுக்கு நாடு விலை வேறு. விற்பனை முகவர் வேறு. சிறுவர்க்கு ஏற்றவையெனத் தரம் பிரிக்கும் சபைகளும் வேறு. இவற்றை நாம் மறுக்கோம். எனினும், ஒரு நாட்டில் வெளியிடவே எண்ணாத விளையாட்டிற்கு அந்நாட்டில் காவல் எதற்கு? சுக்குவெயார் நிறுவனம் 1995இல் யப்பானில் வெளியிட்ட 'செய்க்கன் டென்செட்சு 3' என்னும் விளையாட்டை, ஊதியம் கருதாத ஆர்வலர் 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற் பெயர்த்தனர்; நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்போ 2019இலேதான் வந்தது. பூட்டைத் திறந்தாலும் மொழியென்னும் கதவு எஞ்சுதலையும், அதனை அன்பே திறத்தலையும் இதனால் அறியலாம்.

பூட்டின்றியும் வணிகம் நடக்கும் என்பதற்குச் சான்று பல. தனக்கெனத் திரையும் மின்கலமும் கொண்ட 1989ஆம் ஆண்டின் 'கேம் போய்', எந்நாட்டுக் காட்றிட்ஜையும் ஏற்றது. 2017இல் வந்த 'சுவிச்' பொறியும் அவ்வாறே. இடையில் 2011இல் வந்த '3டீஎஸ்' பகுதிப் பூட்டுடன் பிறந்தது. அதன் உற்பத்தி 2020இல் நின்றது. இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. கடைக்காரர் கடையை விட்டுச் சென்றபின்னும் பூட்டு மட்டும் பொறியினுள் காவல் நிற்கின்றது! 2025இல் 'சுவிச் 2' வெளியானபோது, யப்பானிய மொழி மட்டும் கொண்ட பொறி 49,980 யென்னுக்கும், பன்மொழிப் பொறி 69,980 யென்னுக்கும் யப்பானில் விற்கப்பட்டன. மலிவானது யப்பானிற் பதிந்த கணக்குகளை மட்டுமே ஏற்கும். வேலி மறையவில்லை, இடம் மாறியுளது.

ஆதலின், அயல்நாட்டுப் பொறியை வருவிக்கும் மாணவர் நான்கினை முன்னரே நோக்குதல் நன்று: மின்மாற்றியிற் பொறித்த வோல்ற்றளவு, தொலைக்காட்சி முறை, பகுதிக் குறி, மொழி. முன்னைய இரண்டும் நாடுகள் தத்தம் வழியே வளர்ந்தமையால் நேர்ந்தவை. இன்றைய மின்மாற்றிகளும் தட்டைத் திரைகளும் அவற்றைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. நான்காவதனைக் கல்வி தீர்க்கும். மூன்றாவது ஒன்றே, இட்டவர் மனம் வைத்தால் எளிதில் நீங்குவது. விற்பனைக் காலம் கழிந்த பின்னரேனும் அதனைத் திறந்துவிடுதல், விலை கொடுத்தோர்க்குச் செய்யத்தக்க முறையாகும் என்பது நம் துணிபு.