லேண்ட்ஸ்கேப்னா வைடு லென்ஸ்தானா? லார்ஜ் ஃபார்மேட் கேமராவில் கணக்கே வேறு

லடாக் போய் வந்த பலருக்கும் இந்த ஏமாற்றம் தெரியும். கண்ணெதிரே மலை பிரம்மாண்டமாக நிற்கும். போனில் 0.5 பட்டனைத் தட்டி எடுத்தால், படத்தில் அது குட்டி மேடாகிவிடும். எல்லாமே ஃப்ரேமில் வரணும்னு நினைப்பதால் வரும் வினை இது.

லார்ஜ் ஃபார்மேட் கேமராவில் அந்த ஆசைக்கு இடம் குறைவு. 4க்கு 5 அங்குலம், அல்லது 8க்கு 10 அங்குல ஷீட் பிலிம். ஒரு ஷீட்டில் ஒரே படம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடித் திரையில் தலைகீழாகத் தெரியும் காட்சியைப் பார்த்து ஃபோகஸ் செய்யணும். ஜூம் கிடையாது. நூறு எடுத்து ஒன்றைத் தேர்வு செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

அதனால் முதலில் நிற்கும் இடம், அப்புறம்தான் லென்ஸ். முன்னால் கிடக்கும் பாறை எவ்வளவு பெரிசு, பின்னால் மலை எவ்வளவு பெரிசு என்ற விகிதத்தை லென்ஸ் மாற்றாது. நீங்கள் நிற்கும் இடம்தான் மாற்றும். அங்கிருந்து காட்சியில் எவ்வளவு வெட்டி எடுப்பது என்பது மட்டும்தான் லென்ஸின் வேலை.

அன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தையே பாருங்கள். பாதிக்கு மேல் இருண்ட வானம், கீழே சின்ன ஊர், கல்லறைத் தோட்டத்தில் வெயில் பட்டு மின்னும் சிலுவைகள். பார்த்தால் வைடு லென்ஸ் என்றே தோன்றும். ஆனால் 8க்கு 10 கேமராவில் அவர் போட்டது 23 அங்குல லென்ஸ், அதாவது சுமார் 584 மி.மீ. அந்த சைஸுக்கு நார்மல் லென்ஸ் 300 மி.மீ.தான். நார்மலைப் போட்டிருந்தால் நிலா பாதியாகச் சுருங்கி, சிலுவைகள் புள்ளிகளாகியிருக்கும். அவசரத்தில் லைட் மீட்டரும் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசத்தை வைத்து எக்ஸ்போஷரைக் கணக்குப் போட்டார். அடுத்த ஷாட்டுக்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

4க்கு 5 கேமராவில் 150 மி.மீ. நார்மல். 90 மி.மீ. என்பது ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 28 மாதிரி; 300 மி.மீ. கிட்டத்தட்ட 85 மாதிரி. 90ஐ எடுத்தால் முன்னால் உருப்படியா ஏதாவது இருக்கணும். இல்லாவிட்டால் பாதிப் படம் வெறும் தரைதான்.

லென்ஸ் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்கணும். மரங்கள் சாய்ந்து தெரியாமல் இருக்க, கேமராவை அண்ணாந்து வைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். லென்ஸைக் கொஞ்சம் சாய்த்தால் காலடிப் பூவும் தூரத்து மலையும் சேர்ந்தே ஷார்ப்பாக வரும். ஆனால் லென்ஸ் விழவைக்கும் பிம்ப வட்டம் பிலிமைவிடப் பெரிசாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இல்லையென்றால் மூலைகள் கறுத்துவிடும். 300 மி.மீ.க்கு, அது டெலிபோட்டோ வகை இல்லை என்றால், கேமராவின் பெல்லோஸும் குறைந்தது 30 செ.மீ. நீளணும்.

ஃப்ரேமை முடிவு செய்ய ஓர் அட்டை போதும். நடுவில் 4க்கு 5 அங்குலம் வெட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கண்ணிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 150 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி, 30 செ.மீ. என்றால் 300. நாலு அடி நகர்ந்து, குனிந்து, திரும்பவும் பாருங்கள். எதுவும் சரியா அமையலைன்னா, கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.