ஜகார்த்தாவில் விழுந்த நான்காவது கோல்

2022 மே 31. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. தென்கொரியாவை வென்றால் இந்தியா இறுதிப் போட்டிக்குப் போகும். டிராவில் முடிந்தால் போகாது. இடைவேளையின்போது 3-3. மூன்றாவது கால்பகுதி, 37ஆவது நிமிடம். பந்தை வலைக்குள் தள்ளி இந்தியாவை 4-3 என்று முன்னால் கொண்டுபோனவர் சக்திவேல் மாரீஸ்வரன், தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டிக்காரர். 44ஆவது நிமிடத்தில் கொரியர்கள் சமன் செய்துவிட்டார்கள். அதன் பிறகு எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. கோல் வித்தியாசத்தில் இறுதிப் போட்டி கைநழுவியது. மறுநாள் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது அணி.

அந்த ஏழு நிமிட முன்னிலை மட்டும் நின்றிருந்தால், கோவில்பட்டி பஜாரில் மாரீஸ்வரனின் பேனர் எத்தனை அடிக்கு எழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே அணியில் இன்னொரு தமிழ் இளைஞரும் இருந்தார். செல்வம் கார்த்தி. சொந்த ஊர் அரியலூர் என்றாலும் ஹாக்கியில் அவரைச் செதுக்கியதும் கோவில்பட்டிதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அங்கே நடத்தும் ஹாக்கி சிறப்பு விடுதியில் பயிற்சி பெற்றவர். சீனியர் அணிக்கு அவர் ஆடிய முதல் ஆட்டமே பாகிஸ்தானுக்கு எதிராக. அதில் இந்தியாவின் ஒரே கோல் அவருடையது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஒரு தாலுகா தலைநகரத்தின் மைதானத்திலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் இந்தியச் சட்டை போட்டார்கள். பயிற்சியாளர் சர்தார் சிங், கேப்டன் பிரேந்திர லக்ரா. மூத்தவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டு இளைஞர்களை வைத்துக் கட்டிய அணி அது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் போபாலில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு இறுதி வரை வந்து, ஹரியானாவிடம் ஷூட் அவுட்டில் தோற்றிருந்தது.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய், தீப்பெட்டி, எழுத்தாளர் கி.ரா.வின் இடைசெவல். உள்ளூர்க்காரரிடம் கேட்டால் நாலாவதாக ஹாக்கியைச் சேர்ப்பார். சிலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே பையன்கள் மட்டை பிடிக்கிறார்கள். கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் வடக்கேயிருந்து வந்து இந்த வெயிலில் ஆடிவிட்டுப் போகின்றன. 2022இல் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டியே இங்கே நடந்தது.

இந்த மண்ணில் ஹாக்கி ஆடுவது லேசான காரியம் இல்லை. கரிசல் மழையில் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் கால் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ஆகவே செம்மண்ணோ சரளையோ அடித்துக் கெட்டித்துத்தான் மைதானம் போட வேண்டும். அப்படிப் போட்ட தரையிலும் பந்து நேராக உருண்டு வராது. ஒரு சின்னக் கல் போதும், முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். அதனால் மண் தரையில் வளர்ந்த பையன் பந்து தன்னிடம் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடிக்கத் தயாராக, மணிக்கட்டைத் தளர்த்தி வைத்திருப்பான். பந்தை மட்டையோடு ஒட்டவைத்து ஆள் ஆளாகத் தாண்டிப் போகும் பழைய இந்திய ஆட்டம் இப்படிப்பட்ட தரைகளில் விளைந்ததுதான்.

அந்த ஆட்டத்துக்கு 1976இல் அடி விழுந்தது. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில், அதாவது டர்ஃபில், ஹாக்கி நடத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா, ஏழாம் இடத்துக்குப் போனது. டர்ஃபில் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வரும். தரையைக் கண்காணித்துக்கொண்டிருந்த கண் இப்போது நிமிர்ந்து எதிராளியைப் பார்க்க வேண்டும். பந்து மட்டைக்கு வருவதற்கு முன்பே அடுத்து யாருக்குத் தள்ளுவது என்று முடிவாகியிருக்க வேண்டும். மண்ணில் பத்து வருஷம் பழகியவன் டர்ஃபில் முதல் நாள் நின்றால், பந்து அவன் மட்டைக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். பதினெட்டு வயதில் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாத விஷயம் இது.

கோவில்பட்டிப் பையன்களுக்கு இந்தத் தாண்டல் சாத்தியமானது, ஊரின் கிருஷ்ணா நகரில் செயற்கை இழை மைதானம் வந்த பிறகுதான். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய போட்டிகளுக்கான டர்ஃப் தண்ணீர் குடிக்கும். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் பல ஆயிரம் லிட்டரைப் பீய்ச்சி நனைக்க வேண்டும். காய்ந்த இழையில் பந்து ஓடாது, விழுந்தால் முழங்கால் தோலும் உரிந்துவிடும். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் குடம் நிறையும் என்றிருக்கும் ஊரில் இப்படி ஒரு தரை! ஆனாலும் ஊர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. அந்தத் தண்ணீருக்குப் பலன் உண்டு என்று மாரீஸ்வரனும் கார்த்தியும் காட்டிவிட்டார்கள்.

அடுத்து என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையான கதை.

கார்த்தியின் பாதை ஓரளவு நீண்டது. 2022 நவம்பரில் புவனேஸ்வரத்தில் புரோ லீக் ஆட்டத்தில் நியூசிலாந்தை இந்தியா 7-4 என்று வென்றபோது இரண்டு கோல் போட்டார். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு வந்தது. மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் கணக்கைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். இந்தியா 5-0 என்று வென்றது. அதே மலேசியாவை இறுதிப் போட்டியில் 4-3 என்று வீழ்த்திக் கோப்பையையும் வாங்கியது. சொந்த மாநில ரசிகர்கள் பார்க்க இப்படி ஆடும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. ஆனால் 2023 உலகக் கோப்பை அணியில் அவர் இல்லை, மாரீஸ்வரனும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இருவருக்கும் இடமில்லை. 2025இல் ராஜ்கிர் ஆசியக் கோப்பைக்கு கார்த்தியை மாற்று வீரராகத்தான் வைத்தார்கள். பதினெட்டுப் பேர் அணிக்கு நாடு முழுக்கப் போட்டி. முன்களத்தில் மன்தீப், அபிஷேக், சுக்ஜீத் என்று வரிசை நீளும். இதில் அநியாயம் என்று கூச்சல் போட ஒன்றுமில்லை.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி விடுதியில் தேறிய ஒரு பையன், பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரை, கல்லூரியில் இருக்கும்போது வருஷத்துக்கு எத்தனை நல்ல ஆட்டம் ஆடுகிறான்?

மாரீஸ்வரன் ஜகார்த்தா போன அதே 2022இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவி செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விளையாட்டு வேறு, சாஃப்ட்பால். பேஸ்பாலுக்குத் தங்கை என்று சொல்லலாம். ஹவாயிலிருந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போன ஜோஸ்லின் அலோ, அந்த மார்ச்சில் ஹொனலுலுவில், தன் சொந்த மண்ணில், 96ஆவது ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்துக் கல்லூரி சாஃப்ட்பாலின் பழைய சாதனையைத் தாண்டினார். படிப்பு முடித்து வெளியேறியபோது கணக்கு 122. அவர் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 122க்குப் பின்னால் 2018 முதல் 2022 வரை ஒரே அணி, ஒரே பயிற்சியாளர், உதவித்தொகை எல்லாம் இருந்தன. அந்த ஒரு 2022 சீசனில் மட்டும் அவருடைய அணி 62 ஆட்டம் ஆடியது.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். கோவில்பட்டிக் கல்லூரி மாணவர் முதலில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடுவார். அதில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. அடுத்து தென்மண்டலப் போட்டி. நாக் அவுட்டில் முதல் ஆட்டமே தோற்றால் மறுநாள் பஸ் ஏறி ஊர் திரும்ப வேண்டியதுதான். பெட்டியைத் திரும்பக் கட்டுவது அடுத்த வருஷம். மீதி மாதங்களில் ஊர்த் தொடர்களும் கிளப் ஆட்டங்களும்தான் அவரைத் தாங்குகின்றன. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் 2020இல் தொடங்கிய பிறகு மேல்மட்டத்தில் ஒரு படி கூடியிருக்கிறது. ஆனால் அதை எட்டுவது சில அணிகள்தான்.

வேலைக் கணக்கும் இதில் சேரும். ஹாக்கி மட்டை பிடிக்கும் பையனின் வீட்டில் யாரும் ஒலிம்பிக் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதில் தவறே இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் கூலியையும் மானாவாரி வெள்ளாமையையும் நம்பியிருக்கும் வட்டாரத்தில், மட்டையால் கிடைத்த மாதச் சம்பளம் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திவிடும். சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது தமிழ்நாடு. ஆனால் அந்த வேலைக்குக் காட்ட வேண்டிய சான்றிதழ் போட்டிகளில்தான் கிடைக்கும்; போட்டியோ மிகக் குறைவு. இருபது வயதில் ஆட்டம் மெருகேற வேண்டிய காலத்தில் பலர் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது இதனால்தான்.

ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தமிழ்நாடு புதிது இல்லை. கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் வி.ஜே. பிலிப்ஸும் இங்கிருந்து போனவர்கள். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்கு வி. பாஸ்கரன் கேப்டன். கோயம்புத்தூரில் பிறந்த ஆடம் சின்கிளேர் 2004 ஏதென்ஸில் ஆடினார். அவருக்குப் பிறகு இருபது வருஷம் ஓடிவிட்டது. ஒலிம்பிக் ஆடவர் அணியில் தமிழ்நாட்டுப் பெயர் இல்லை. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரையில் புது மைதானமும் வந்துவிட்டது. டர்ஃப் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இனி வேண்டியது ஆட்டம். கோவில்பட்டி, திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சென்னைக் கல்லூரிகளைச் சேர்த்து, ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை வாராவாரம் நடக்கும் ஒரு லீக்கை விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பல்கலைக்கழகங்களும் உட்கார்ந்து பேசித் தொடங்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு கல்லூரிக்கு வருஷத்துக்கு இருபது ஆட்டம் கிடைத்தாலே, கிருஷ்ணா நகர் டர்ஃபில் இன்று மட்டை பிடிக்கும் பையனுக்கு அது இப்போதைய கணக்கைவிடப் பல மடங்கு.