எல்லைக் கிராமத்துப் பள்ளியும் தொலைவில் வாழும் அன்பர்களும்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் அன்பர்கள் பலர் உள்ளத்தில் ஓர் ஆவல் உண்டு. ஏதேனும் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் ஒன்று கட்டித் தர வேண்டும், அல்லது இருக்கும் பள்ளியையாவது செப்பனிட்டுத் தர வேண்டும் என்பதே அது. விடுமுறைக் காலத்தில் வெளிநாட்டுக் கிராமங்களுக்குச் சென்று சுவர் எழுப்பவும் வண்ணம் பூசவும் முன்வரும் இளைஞரும் இக்காலத்தில் உளர். ஆவல் நல்லதே. எனினும் பிறர் ஊரில் பள்ளி எழுப்புவது எத்தகைய பணி என்பதை, அது நெடுங்காலம் நடந்த ஓர் இடத்தை வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டிய பகுதியில், ஆரியங்கோடு என்னும் சிற்றூர் இருக்கிறது. தென்னையும் மரவள்ளியும் ரப்பரும் விளையும் செம்மண் மேடுகள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலை, ஆரியங்கோடு வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் பேசப்படுகின்றன. தில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம்மைப் போன்றோர்க்கு இது புதுமையன்று. இரு மொழிக்கு நடுவே வாழ்வது நமக்கும் பழகிய காரியந்தான்.

இப்பகுதிக்குப் பள்ளி முதலில் வந்தது எவ்வாறு? 1817ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். ஆணை பெரிது, ஆனால் அது எல்லாக் குடிசைகளையும் எட்டவில்லை. அக்காலத்தில் கடல் கடந்து வந்து பள்ளி வைத்தவர் இலண்டன் மிஷன் சங்கத்தார். 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி, பின்னர்ப் பாறசாலையில் தங்கிய ஜான் ஆப்ஸ் வரை, அவர்கள் ஊர்தோறும் ஓலைக் கூரையின் கீழ்ச் சிறு பள்ளிகளை நடத்தினர். சமயப் பணியே அவர்கள் நோக்கம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அவர்கள் இரு வாரம் தங்கிச் சுவர் எழுப்பிவிட்டுத் திரும்பியவர்கள் அல்லர்; மொழியைக் கற்றனர், ஆண்டுக் கணக்கில் தங்கினர், உள்ளூர் உபாத்தியாயர்களைப் பயிற்றுவித்தனர்.

கட்டடம் வேறு, பள்ளி வேறு என்பதை இவ்வட்டாரம் போலத் தெளிவாகக் காட்டிய இடம் அரிது. பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் குலத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஒருவரும் முன்வராத காலத்தில், 1904ஆம் ஆண்டில் அவரும் அவர் தோழர்களும் தம் கையாலேயே ஒரு குடிப்பள்ளிக்கூடம் அமைத்தனர். மூங்கிலும் ஓலையும் கொண்டு எழுப்பிய கூடம். பகைவர் அதற்குத் தீ வைத்தனர். மீண்டும் கட்டினர். அய்யன்காளி எழுத்தறிவு பெறாதவர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். தமக்குக் கிட்டாத ஒன்றைப் பிறர் பிள்ளைகளுக்குத் தேடிய தொண்டு அது.

பின்னர் வெங்ஙானூரில் அரசின் அனுமதியோடு பள்ளி அமைந்தபோது, ஆசிரியர் கிடைப்பதே அரிதாயிற்று. திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்பவர் துணிந்து வந்தார். அவரைத் தடுக்க முயன்றோர் இருந்தமையால், பள்ளிக்கு வரவும் திரும்பவும் அவருக்குக் காவல் துணை வேண்டியிருந்தது. கூரையை ஒரு நாளில் வேய்ந்துவிடலாம். நாள்தோறும் அவமதிப்பைக் கடந்து வந்து கரும்பலகையின் முன் நிற்கும் மனிதரை எங்கிருந்து கொணர்வது? நம் கணக்கில், அப்பள்ளியின் பெரிய நன்கொடை பரமேசுவரன் பிள்ளையின் நடைதான்.

அதே வட்டாரத்து ஊரூட்டம்பலத்தில் கட்டடமும் இருந்தது, ஆசிரியரும் இருந்தார். பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்று பெஞ்சில் அமர்த்தினார். கலகம் மூண்டது, பள்ளி எரிக்கப்பட்டது. தீயில் தப்பியதாகச் சொல்லப்படும் பெஞ்சு ஒன்று அப்பள்ளியிலேயே பாதுகாக்கப்பட்டு வருகிறது. 2022ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன. பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளர் நடத்திய வேலை நிறுத்தமும் இவ்வரலாற்றைச் சேர்ந்ததே. கூலியையே துறந்து பள்ளி கேட்டவர்கள் அவர்கள்.

எல்லைக்கு இப்பால் சென்னை மாநிலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கம் வேறு வகையானது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித் துறையின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதனை நடத்தினார். 1958இல் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. அதன் முறை எளிது. தலைமையாசிரியரும் ஊராரும் கூடித் தம் பள்ளிக்கு வேண்டியவற்றை எழுதுவர்: கூரைக்கு ஓடு, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சட்டை. ஒவ்வொன்றுக்கும் விலை குறிப்பர். தம்மால் இயன்றதை ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்வர். பட்டியல் முதலில் வந்தது. கொடையாளி பிறகு வந்தார். மதிய உணவும் அவ்வாறே ஊராரின் கொடையில் தொடங்கி, பின்னர் அரசின் துணை பெற்றது. ஓர் உணவுக்குப் பத்துப் பைசா என்றால் ஆறு அரசுடையது, நான்கு ஊருடையது.

வெளிநாட்டை நினைக்கும்போது மலேயாவும் நினைவுக்கு வருகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள், பல இடங்களில் அது ஒரு கொட்டகை, படிப்பிப்பவர் ஒரு கங்காணி. கூடம் நின்ற நிலம் தோட்டத்துக்கு உரியதாக இருந்தமையால், பிற்காலத்தில் அரசின் முழு உதவி பெறுவதில் அப்பள்ளிகள் பலவற்றுக்கு இடர் நேர்ந்தது. நிலம் யாருடையது என்று முதல் நாளில் கேளாத கேள்வி, பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்து நின்றது.

நாமும் பிழை செய்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன்பு தில்லி நண்பர்கள் சிலர் கூடிப் பணம் திரட்டி, ஒரு தொடக்கப் பள்ளிக்கு நல்ல மரத்தில் பெஞ்சுகள் செய்து அனுப்பினோம். மிகப் பெருமையாக இருந்தது. தலைமையாசிரியை அம்மையார் நன்றி தெரிவித்து எழுதிய கடிதத்தின் கடைசி வரியில், முதல் வகுப்புக் குழந்தைகளின் கால் தரையில் எட்டவில்லை, ஆதலால் அவை இப்பொழுது பெற்றோர் கூட்டத்துக்குப் பயன்படுகின்றன என்று குறித்திருந்தார். பள்ளிக்கு அப்போது உண்மையில் வேண்டியிருந்தது கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய். நாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகவே ஆரியங்கோடு போன்ற ஊர்ப் பள்ளிக்கு உதவ நினைப்போர் யாரை அணுகுவது? கேரளத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பராமரிப்பு கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. கட்டடம் தகுதியுடையது என்னும் சான்று ஆண்டுதோறும் பெறப்பட வேண்டும். நம் விருப்பப்படி ஓர் அறையை எழுப்பிவிட முடியாது. தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பஞ்சாயத்து என்ற வரிசையில் செல்வதே முறை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டமும், பள்ளியின் தேவையை அறிந்து கொடை அளிக்க வழி செய்தது. எதற்கும் முன்பு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் தொகையைக் குறிக்க வேண்டா. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மறுமொழி வர ஒரு மாதம் ஆகலாம். காத்திருங்கள்.