கைப்பின்னல் கம்பளிச் சட்டை

கைப்பின்னல் கம்பளிச் சட்டை (சுவெட்டர்) என்பது நீண்ட ஊசிகளைக் கொண்டு கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துக் கையால் பின்னப்படும் மேலாடை ஆகும். பொதுவாக இது துணியைப் போல் வெட்டித் தைக்கப்படுவதில்லை. பின்னும்போதே உருவம் பெறுகிறது. ஆகவே அளவு தவறினால் பின்னியதைப் பிரித்து மீண்டும் பின்ன நேரிடும்.

தேவை

வங்கக் கடலோர ஊரான கோட்டக்குப்பத்தின் தட்பவெப்பத்திற்குக் கம்பளி ஆடை அரிதாகவே தேவைப்படும். உதகமண்டலம் போன்ற மலையூர்களுக்கும் பிரான்சு போன்ற குளிர்நாடுகளுக்கும் செல்வோருக்கு இது பயன்படும். புதுச்சேரி வட்டாரத் தமிழர் பலர் பிரான்சில் வாழ்கின்றனர்.

அளவு

பின்னுபவர் முதலில் சிறு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, நனைத்து உலர்த்தியபின் கண்ணிகளை எண்ணுவார். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணிகள் இருப்பின், 100 செ.மீ. சுற்றளவுக்கு 200 கண்ணிகள் வேண்டும். பின்னல் இறுகி 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் ஆனால், அதே 200 கண்ணிகள் ஏறத்தாழ 91 செ.மீ. மட்டுமே தரும், சட்டை உடலை இறுக்கும். உடலளவுடன், நன்கு பொருந்தும் பழைய சட்டை ஒன்றின் அளவையும் கொடுப்பது நலம்.

நூல்

ஒரே நிறமாயினும் வெவ்வேறு முறை சாயமிட்ட நூல்கள் சற்றே வேறுபடும். எனவே முழு நூலையும் ஒரே சாயத் தொகுப்பிலிருந்து வாங்குவர். மெரினோ கம்பளி மென்மையானது. முரட்டுக் கம்பளி கழுத்தில் உறுத்தும்.

உடன்பாடு

விலையில் நூலுடன் பல நாள் உழைப்பும் அடங்கும். முன்பணம், முடிக்கும் நாள், பிரித்துப் பின்ன நேர்ந்தால் செலவை ஏற்பவர் யார் என்பன பின்னல் தொடங்குமுன் முடிவாக வேண்டியவை.

பராமரிப்பு

வெந்நீரில் அலசிக் கசக்கினால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து சட்டை சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல், தட்டையாக விரித்து நிழலில் உலர்த்த வேண்டும்.