சவப்பெட்டி சொன்ன ரகசியம்!

மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டப் போனார்கள். கிடைத்ததோ ஒரு ராஜாவின் கல்லறை!

இது நடந்தது 1971 ஜூலையில், தென் கொரியாவில் உள்ள கோங்ஜு என்ற ஊரில். அங்கே ஒரு குன்றின் சரிவில் பழங்காலக் கல்லறை மேடுகள் இருக்கின்றன. அரசரைப் புதைத்த அறைக்கு மேலே மண்ணைக் கொட்டி, மேடாகக் குவித்துவிடுவது அந்தக் கால வழக்கம். அவற்றில் இரண்டு கல்லறைகளுக்குள் தண்ணீர் கசிந்ததால், பின்பக்கம் வாய்க்கால் வெட்டினார்கள். அப்போது மண்ணுக்குள் செங்கல் தட்டுப்பட்டது. 'சும்மா குன்று' என்று எல்லோரும் நினைத்திருந்த இடமும் ஒரு கல்லறைதான்! திருடர்கள் கண்ணிலும் படாமல், 1,400 ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே இருந்திருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் எதிரே நின்றது ஒரு கல் மிருகம். பன்றி போலக் குட்டையான உடம்பு, தலையில் இரும்புக் கொம்பு. காவல்காரராம்! அதன் முன்னே இரண்டு கல் பலகைகள். ஒன்றில், 'சாமா' என்ற அரசர் 62 வயதில் இறந்தார் என்று எழுதியிருந்தது. பேக்ஜே நாட்டை ஆண்டு, 523ல் இறந்த முர்யோங் மன்னர்தான் அவர். இன்னொன்றில் என்ன தெரியுமா? நிலப் பத்திரம்! கல்லறைக்கான இடத்தைப் பூமியின் தெய்வங்களிடம் விலைக்கு வாங்கியதாக எழுதி, மேலே காசும் வைத்திருந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் வருத்தம். செய்தி பரவி, கூட்டம் கூடிவிட்டது. அவசர அவசரமாக, ஒரே இரவில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்று சரியாகக் குறிக்கவில்லை. அகழாய்வில் அதுதானே முக்கியம்? குழுவின் தலைவர் கிம் வோன்யோங் பின்னாளில் இதை நினைத்து மிகவும் வருந்தினார்.

நல்லவேளை, சவப்பெட்டிப் பலகைகள் தப்பின. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அந்த மரத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்! அது கோயாமாகி என்ற மரம். ஜப்பானில் மட்டுமே இயற்கையாக வளர்வது. தண்ணீரில் எளிதில் மக்காது. ஜப்பானிலும் அப்போது பெரியவர்களைப் புதைத்து மேடு எழுப்புவார்கள். 486 மீட்டர் நீளத்தில், மேலேயிருந்து பார்த்தால் சாவித் துவாரம் போலத் தெரியும் மேடுகூட அங்கே உண்டு! அந்த மேடுகளுக்குள்ளும் இதே மரத்தில் செய்த சவப்பெட்டிகள் கிடைத்திருக்கின்றன.

கொரிய ராஜாவுக்குக் கடல் கடந்து ஜப்பான் மரம் எதற்கு?

720ல் எழுதிய ஜப்பானிய வரலாற்று நூல் ஒன்று, இந்த மன்னர் ஜப்பானில் ஒரு தீவில் பிறந்ததாகச் சொல்கிறது. அதனால் 'ஷிமா' என்று பெயராம். ஷிமா என்றால் ஜப்பானிய மொழியில் தீவு. கல்லறையில் இருந்த பெயர் சாமா! பிறந்த கதை எப்படியோ, பெயர் பொருந்திவிட்டது.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம் மட்டும் இல்லை. முர்யோங் ஜப்பானுக்கு அறிஞர்களை அனுப்பினார். அவர் மகன் சோங் புத்தர் சிலையையும் புத்த நூல்களையும் அனுப்பினார்.

1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் அடக்கி ஆண்டது. அந்தக் கசப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. அப்படியிருக்க, 2001ல் ஜப்பான் சக்கரவர்த்தி அகிஹிதோ, தன் முன்னோரான ஒரு சக்கரவர்த்தியின் தாய் முர்யோங் வம்சத்தவர் என்று பழைய நூலில் இருப்பதை எடுத்துச் சொன்னபோது, கொரியாவில் அது பெரிய செய்தியானது.

கல்லறை கெட்டுப்போகக் கூடாது என்று 1997ல் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே அதே மாதிரி ஒன்று கட்டியிருக்கிறார்கள். குட்டைக் காவல்காரர் மட்டும் கோங்ஜு அருங்காட்சியகத்தில் இருக்கிறார், கொம்போடு!